தருவாயா என்று கேட்கத் தெரியாத தந்தையர்

பிள்ளைகள் கிரிக்கெட் அட்டை சேர்ப்பதைப் பற்றி நம்மிடையே மூன்று கருத்துகள் உலவுகின்றன. அது குப்பை என்பது முதற்கருத்து. அது முதலீடு என்பது இரண்டாவது. அது பாடத்துக்கு உதவும் என்பது மூன்றாவது. முதலாவதை இலக்கிய வாசகர்களிடமும், இரண்டாவதைச் சற்றே வசதி படைத்த தந்தையரிடமும், மூன்றாவதை என்னைப் போன்று வகுப்பெடுத்துப் பிழைப்பவர்களிடமும் மிகுதியாகக் கேட்கலாம். மூன்றும் பிழை என்பது என் கட்சி. பெற்றோர் அந்த அட்டையை எப்படி மதிப்பிட வேண்டும் என்று மூன்று கருத்துகளுமே பேசுகின்றன. பிள்ளையின் எதிரே தரையில் உட்கார்ந்து, தன் பங்குக்கு நாலு அட்டையை விரிக்கும் பெற்றோரைப் பற்றி ஒன்றுகூடப் பேசுவதில்லை. சண்டை அங்கேதான் இருக்கிறது.

அட்டை என்று நான் எதைச் சொல்கிறேன் என்பதை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். 1990களில் தென்காசி வட்டாரத்தில் பள்ளி சென்ற என் தலைமுறைக்கு அது பிக் ஃபன் பபிள்கம்மோடு வந்த சின்னஞ்சிறு தாள். ஆட்டக்காரர் ஒருவரின் படமும், இத்தனை ரன் என்றோ இத்தனை விக்கெட் என்றோ ஓர் எண்ணும் அதில் இருக்கும். சொல்லப்பட்ட அளவு ரன் சேர்ந்தபின் கொண்டுபோய்க் கொடுத்தால், வேகமாகப் புரட்டும்போது படம் அசைவதுபோல் தோன்றும் குட்டிப் புத்தகம் கிடைக்கும். பிறகு டிரம்ப் கார்டு வந்தது. இருவர் எதிரெதிரே அமர்ந்து, தம் கையிலுள்ள ஆட்டக்காரரின் சராசரியையோ கேட்ச் எண்ணிக்கையையோ சொல்லி ஒப்பிட்டு, வென்றவர் மற்றவரின் அட்டையை எடுத்துக்கொள்ளும் ஆட்டம் அது. 2010களில் டாப்ஸ் நிறுவனத்தின் 'கிரிக்கெட் அட்டாக்ஸ்' ஐபிஎல் ஆட்டக்காரர்களைப் பளபளப்பாக அச்சிட்டு விற்றது. இத்தாலியின் மொடெனா நகரில் 1961இல் தொடங்கிய பனினி நிறுவனம், 1970 மெக்சிகோ உலகக் கோப்பை தொட்டுக் கால்பந்து ஸ்டிக்கர் ஆல்பங்களை வெளியிட்டுவருகிறது. அவையும் இங்கே வந்தன.

இவை அனைத்துக்கும் முன்பாக எங்கள் தெற்குச் சீமைக்கென்று ஒரு சேகரிப்பு இருந்தது. அது தீப்பெட்டிப் படம். சிவகாசியிலும் சாத்தூரிலும் கோவில்பட்டியிலும் ஒட்டப்பட்ட பெட்டிகளிலிருந்து படத்தைக் கிழியாமல் உரித்தெடுப்பார்கள். வட்டம் கீறி அதற்குள் வைத்துக் கல்லெறிந்து வெல்வார்கள். 'சீட்டா ஃபைட்' படத்துக்கு ஒரு மதிப்பு, கப்பல் படத்துக்கு ஒரு மதிப்பு என்று தெருவுக்குத் தெரு நிலவரம் இருந்ததாக என் தந்தையார் தலைமுறையினர் சொல்வார்கள். ஆகவே அட்டை சேர்த்தல் நேற்று வானத்திலிருந்து குதித்த அந்நியப் பழக்கம் என்னும் புலம்பலை ஒதுக்கிவிட்டு மேலே செல்வோம்.

முதலில் குப்பை என்பாரை எடுத்துக்கொள்கிறேன். இவர்கள் என் வகையறா. சிற்றிதழ் வாசகர்கள். "பதினோரு வயதுப் பிள்ளைக்குப் புத்தகம் வாங்கிக் கொடுக்காமல் விளம்பர அட்டை வாங்கிக் கொடுப்பதா?" என்று கேட்கிறார்கள். கேட்கிற இவர்கள் யார்? 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' இதழின் ஏதேனும் ஒரு பழைய பிரதிக்காகப் பழைய புத்தகக் கடையில் புழுதிக்குள் தலையை நுழைப்பவர்கள். 'கசடதபற' இதழ்களை வைத்திருக்கும் நண்பரிடம், தம்மிடம் இரண்டாக இருக்கும் ஒன்றைக் கொடுத்து மாற்றிக்கொள்பவர்கள். முதற்பதிப்பின் அட்டை கிழிந்திருந்தால் முகம் வாடுபவர்கள். தொடர் முழுமையடையவில்லையே என்று தூக்கம் கெடுவதில் என் மகளுக்கும் இவர்களுக்கும் நான் வேறுபாடு காணவில்லை. ஒன்றே ஒன்று உண்டு. அவள் தன் இச்சையைப் பண்பாட்டுப் பணி என்று சொல்லிக்கொள்வதில்லை.

மலிவான தாளைக் குப்பை என்று ஒதுக்கும் அதிகாரத்தையும் இவர்கள் எங்கிருந்து பெற்றார்கள் என்று தெரியவில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தம் வாழ்நாள் முழுதும் சேர்த்தவற்றில் அரிய நூல்களோடு துண்டறிக்கைகளும் அழைப்பிதழ்களும் பாட்டுப் புத்தகங்களும் இருந்தன. அவர் 1992இல் மறைந்தபின் அச்சேகரிப்பை சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கித் தமிழகத்திலேயே நிறுத்தியது. 1994இல் சென்னையில் தொடங்கிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இன்று நம் ஆய்வாளர்கள் அந்தத் துண்டுத்தாள்களை வைத்துத்தான் சென்ற நூற்றாண்டின் தமிழ் வாழ்க்கையை எழுதுகிறார்கள். அப்பெரியவர் சேர்த்துப் பூட்டி வைத்து மகிழ்ந்திருந்தால் நமக்கு ஒன்றும் கிட்டியிராது. கை மாறியதால்தான் அது செல்வமாயிற்று. இந்தக் கை மாறுதல் என்ற சொல்லை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். இக்கட்டுரை அதைச் சுற்றியே நடக்கப்போகிறது.

இரண்டாமவர் முதலீட்டாளர். இவர் அண்மைக் காலத்துப் படைப்பு. பிள்ளைக்கு அட்டை வாங்கித் தருகிறார். அதற்கு முன்பாகவே பிளாஸ்டிக் உறையும் வாங்கிவிடுகிறார். "தொடாதே, மூலை மடங்கிவிடும்" என்கிறார். காரணம் கேட்டால் அமெரிக்கக் கதை ஒன்றைச் சொல்கிறார். 1952இல் டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட மிக்கி மேன்டில் என்னும் பேஸ்பால் ஆட்டக்காரரின் அட்டை, 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 இலட்சம் டாலருக்கு ஏலம் போனது. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 100 கோடி ரூபாய். கதை உண்மைதான். அவர் சொல்லாமல் விடும் பாதியும் உண்மைதான்.

அந்த அட்டை ஏன் அத்தனை விலை போயிற்று? எஞ்சியவை மிகச் சில என்பதால். ஏன் எஞ்சவில்லை? 1952இல் அதை வாங்கிய சிறுவர்கள் விளையாடினார்கள், சைக்கிள் சக்கரத்தில் சடசடவென்று ஒலி வரச் செருகினார்கள், மழையில் நனைத்தார்கள், தாய்மார் வீடு கூட்டும்போது வாரி எறிந்தார்கள். விற்காமல் தேங்கிய பெட்டிகளை 1960 அளவில் படகிலேற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக, அத்தொடரை வடிவமைத்த சை பெர்கரே பின்னாளில் சொன்னார். அதாவது, அந்த நூறு கோடி, அட்டையை மதிக்காமல் கையாண்ட இலட்சக்கணக்கான பிள்ளைகள் உண்டாக்கிய விலை.

அடுத்து வந்ததுதான் பாடம். பழைய அட்டைகளின் விலை ஏறக் கண்ட அமெரிக்கத் தந்தையர், 1980களின் பிற்பகுதியிலிருந்து பெட்டி பெட்டியாக வாங்கிப் பரணில் ஏற்றினார்கள். பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு ஆகும் என்றார்கள். நிறுவனங்களும் கணக்கின்றி அச்சிட்டுத் தள்ளின. எல்லாரும் பத்திரமாக வைத்தார்கள். ஆகவே எதுவும் அரிதாகவில்லை. அக்காலத்து அட்டைகளுள் பெரும்பாலானவை இன்று வாங்கிய விலைக்குக்கூடப் போவதில்லை. அவர்களுடைய பிள்ளைகளுக்கோ விளையாடிய நினைவும் இல்லை. காசும் போய், களியும் போயிற்று. இதே கூத்தை நம் ஊரிலும் கணினித் திரையில் ஒருமுறை பார்த்தோம். 2021, 2022 ஆண்டுகளில் கிரிக்கெட் காட்சித் துணுக்குகளை எண்ம அட்டைகளாக்கி விற்றார்கள். கையால் தொட இயலாத அட்டை. மாற்றிக்கொள்ள எதிரே ஆளில்லாத அட்டை. அச்சந்தை சரிந்தபோது அழுதவர்களுள் பிள்ளைகள் எத்தனை பேர்? வாங்கியவர்கள் எல்லாம் வளர்ந்தவர்கள் அல்லவா?

மூன்றாமவர் கல்வியாளர். இவரிடம் எனக்குச் சற்று மரியாதை உண்டு. ஏனெனில் இவர் அட்டையை ஏளனம் செய்வதில்லை. "சராசரி கணக்கிடக் கற்பான், நாடுகளின் பெயர் தெரிந்துகொள்வான், நினைவாற்றல் வளரும்" என்கிறார். எல்லாம் நடக்கக்கூடியதே. நடக்கட்டும் என்று விட்டுவிட்டால் போதும். ஆனால் இவர் விடுவதில்லை. டெண்டுல்கரின் அட்டையைக் கையிலெடுத்து, "இவர் எத்தனை டெஸ்ட் ஆடினார்? அதில் எத்தனை சதம்? சரி, சதவீதம் சொல்" என்று கேட்கத் தொடங்குகிறார். 200 டெஸ்ட், 51 சதம் என்று பிள்ளை சொல்கிறது, சதவீதத்தில் தடுமாறுகிறது. அந்தக் கணமே தரையில் விரித்த பாய் வகுப்பறை ஆகிவிட்டது. மறுநாள் பிள்ளை அட்டையை எடுப்பதற்கு முன் தந்தை வீட்டில் இருக்கிறாரா என்று எட்டிப் பார்க்கிறது. நம் வீடுகளில் பாடமாகாமல் தப்பிய பொருள் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது என்று யார் நமக்குக் கட்டளையிட்டார்கள்? கோலத்தைக் கணிதமென்றும் பல்லாங்குழியை மூளைப் பயிற்சியென்றும் சொல்லிச் சொல்லியே அவற்றைக் கண்காட்சிச் சாலைக்கு அனுப்பிவைத்தோம்.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. பிள்ளைகள் அட்டைகளின் மீது நேர்மையான குற்றச்சாட்டு ஒன்று உண்டு. அதை மேற்சொன்ன மூவரும் சொல்லாததால் நானே சொல்கிறேன். அது மூடிய உறை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு கொடுக்க வேண்டும். வேண்டிய அட்டை வராவிட்டால் மீண்டும் கொடுக்க வேண்டும். இது சூதின் சாயல் கொண்டது என்பதில் எனக்கு ஐயமில்லை. 2003இல் தமிழக அரசு லாட்டரிச் சீட்டு விற்பனையைத் தடை செய்தது. அதற்கு முன், சீட்டைச் சுரண்டிவிட்டு வெறுங்கையோடு நடந்த கூலித் தொழிலாளிகளைத் தென்காசிப் பேருந்து நிலையத்தில் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். கணினி விளையாட்டுகளில் காசுக்கு விற்கும் மூடிய பெட்டிகளைச் சூதாட்டம் என்று பெல்ஜியம் 2018இல் அறிவித்தது. அட்டை உறை அந்தக் குடும்பத்துச் சிறிய தங்கை.

இதன் பிறப்பும் அத்தனை தூய்மையானதன்று. சிகரெட் பெட்டி நசுங்காமலிருக்கச் செருகிய கெட்டித் தாளில் படம் அச்சிட்டதிலிருந்துதான் இவ்வழக்கம் பரவிற்று. இங்கிலாந்தின் வில்ஸ் நிறுவனம் 1896இல் கிரிக்கெட் ஆட்டக்காரர்களின் 50 அட்டைகள் கொண்ட தொடரை வெளியிட்டது. சரியாக நூறாண்டுகள் கழித்து, 1996இல், இந்தியாவும் பாகிஸ்தானும் இலங்கையும் சேர்ந்து நடத்திய உலகக் கோப்பை அதே வில்ஸ் பெயரைத் தாங்கி நடந்தது. அமெரிக்காவில் 1909இல் தொடங்கிய புகையிலை அட்டைத் தொடர் ஒன்றில் தன் படம் வருவதை ஹோனஸ் வாக்னர் என்ற ஆட்டக்காரர் நிறுத்தச் செய்தார். பிள்ளைகள் தன் படத்துக்காகப் புகையிலை வாங்கலாகாது என்று அவர் எண்ணியதாக ஒரு சாரார் சொல்வர். தமக்குரிய பணம் வரவில்லை என்பதே காரணம் என மறுசாரார் சொல்வர். எதுவாயினும், பிள்ளையின் ஆசையைத் தூண்டிலாக்கும் வணிகம் இது என்பதை அன்றே சிலர் கண்டுகொண்டார்கள்.

அப்படியானால் தடுத்துவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். கேட்பவர் பெரும்பாலும் கைபேசியும் கையுமாக இருப்பவர். பணம் கட்டிக் கற்பனை அணி தேர்ந்தெடுக்கும் செயலிகளை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் சட்டம் இயற்றித் தடுக்கும் வரையில், ஆட்டக்காரர்களின் பெயரை வைத்து இரவெல்லாம் பந்தயம் கட்டியவர்கள் பிள்ளைகளா, தந்தையரா? அஞ்சு ரூபாய் உறையைச் சூது என்று பிள்ளையிடமிருந்து பிடுங்கிய கை, அதே நாளில் ஐம்பது ரூபாய் கட்டித் தனியறையில் அணி அமைத்தது. இந்த இரட்டை நாக்கைப் பிள்ளைகள் அறியமாட்டார்கள் என்று எண்ணுவது அறியாமை.

மூடிய உறைக்கு மருந்து தடையில் இல்லை, மாற்றிக்கொள்வதில் இருக்கிறது. இது கணக்கே காட்டும் உண்மை. நூறு அட்டைகள் கொண்ட ஒரு தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா அட்டைகளும் சம எண்ணிக்கையில் அச்சாகின்றன என்றே வைத்துக்கொள்வோம். ஒருவர் எவரோடும் மாற்றாமல், தனியாக வாங்கியே தொடரை முடிக்க வேண்டுமானால் சராசரியாக 519 அட்டைகள் வாங்க வேண்டிவரும். முதல் ஐம்பது வெவ்வேறு அட்டைகள் ஏறக்குறைய 69 வாங்குவதற்குள் வந்துவிடும். கடைசி ஒன்றுக்கு மட்டும் சராசரியாக நூறு வாங்க வேண்டும். அட்டை ஒன்று 5 ரூபாய் என்றால் 500 ரூபாய்த் தொடருக்கு 2,595 ரூபாய். சில அட்டைகளை வேண்டுமென்றே குறைத்து அச்சிட்டால் இது இன்னும் ஏறும். நிறுவனத்தின் ஆதாயம் முழுவதும் இந்தத் தனிமையில்தான் இருக்கிறது. எதிரே இன்னொருவர் உட்கார்ந்து, தம்மிடம் ஒன்றுக்கு இரண்டாக இருப்பதைக் கொடுத்து வேண்டியதை வாங்கிக்கொள்ளத் தொடங்கிய நொடியில் அந்தக் கணக்கு உடைகிறது. பத்துப் பேர் உட்கார்ந்தால் நொறுங்குகிறது. தனியே சேர்ப்பவன் வாடிக்கையாளன். கூடிச் சேர்ப்பவர்கள் வாடிக்கையாளர் என்ற நிலையிலிருந்து பாதி விடுதலை பெற்றவர்கள்.

இதை மறந்த தந்தையரைக் காண விரும்புவோர் சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வரலாம். ஆனி, ஆடி மாதங்களில் பேரருவிக்குப் போகும் வழியெங்கும் மங்குஸ்தானும் ரம்புத்தானும் குவித்த கடைகள். நடுநடுவே பிளாஸ்டிக் சாமான்களும் விளையாட்டு அட்டைச் சரங்களும் தொங்கும் கடைகள். பிள்ளை ஒன்றைச் சுட்டிக் கேட்கிறது. தந்தை விலை கேட்கிறார். தொல்லை விட்டால் போதுமென்று சரத்தோடு வாங்கிக் கொடுத்துவிடுகிறார். பிறகு தலை துவட்டிக்கொண்டே கைபேசியை எடுக்கிறார். பிள்ளை அனைத்தையும் ஒரே மூச்சில் பிரித்துப் பார்க்கிறது. பத்து நிமிடத்தில் முடிந்துபோயிற்று. கேட்டதற்கு மேல் கிடைத்தும் அதன் முகத்தில் ஏன் அந்தச் சோர்வு? இணையத்தில் முழுத் தொடரையும் ஒரே பெட்டியாகத் தருவித்துப் பிறந்தநாள் பரிசளிக்கும் நகரத்துத் தந்தையும் இவருக்கு அண்ணன்தான். பிள்ளையின் ஆவலைத் தீர்த்துவைத்துவிட்டதாக இருவரும் நம்புகிறார்கள். அவர்கள் தீர்த்துவைத்தது, அடுத்த தெருப் பிள்ளையிடம் போய் நிற்க வேண்டிய தேவையை. தந்தையிடம் பேரம் பேச வேண்டிய தேவையை.

இங்கேதான் என் மைய வாதத்துக்கு வருகிறேன். நம் வீடுகளில் தந்தைக்கும் பிள்ளைக்கும் இடையே நடக்கும் பேச்சைக் கவனியுங்கள். தந்தை ஏவுகிறார், விசாரிக்கிறார், மறுக்கிறார், சில வேளை கொடுக்கிறார். கேட்பதில்லை. பிள்ளைக்கு உரிமையான ஒன்றைத் தனக்குத் தருமாறு கேட்டு, அது மறுத்தால் மறுப்பை ஏற்று வாயடைத்திருக்கும் சந்தர்ப்பம் ஒரு தமிழ்த் தந்தைக்கு வாழ்நாளில் எத்தனை முறை வாய்க்கிறது? தாய்மாருக்கும் இது பெரும்பாலும் பொருந்தும். எனினும் தந்தையருக்கே முழுமையாகப் பொருந்தும். அட்டை மாற்றிக்கொள்ளும் பாய் அப்படியொரு இடம். அங்கே என் அட்டை என்னுடையது, அவள் அட்டை அவளுடையது. "கும்ப்ளேயைத் தாரியாம்மா?" என்று நான் கேட்க வேண்டும். "தரமாட்டேன்ப்பா" என்று அவள் சொல்லலாம். சொன்னபின் அதற்கு மேல் எனக்கு அங்கே அதிகாரமில்லை. காப்பி போட்டுக் கொடுத்தாலும், கணக்கில் உதவினாலும், நான் அப்பன் என்று நினைவூட்டினாலும் கும்ப்ளே வரமாட்டார்.

ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். 2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் இந்தியப் பெண்கள் அணி தென்னாப்பிரிக்காவை 52 ரன் வித்தியாசத்தில் வென்று முதன்முறையாக உலகக் கோப்பையைப் பெற்றது. இறுதியாட்டத்தில் 58 ரன்னும் 5 விக்கெட்டும் எடுத்த தீப்தி சர்மாவின் அட்டை வேண்டுமென்றாள் மகள். நாங்கள் ஏறி இறங்கிய தென்காசிக் கடைகளில் பெண் ஆட்டக்காரர் ஒருவரின் அட்டைகூட இல்லை. அவள் வீட்டிலிருந்த கலியாணப் பத்திரிகை ஒன்றின் கெட்டி அட்டையை அளவாக வெட்டி, தானே வரைந்து, பின்புறம் எண்களையெல்லாம் எழுதிவிட்டாள். மூக்கு சற்றே கோணியிருந்தது. அச்சிட்ட அட்டைகளுக்கு நடுவே அதை வைத்தாள். எனக்கு அது வேண்டும்போலிருந்தது, கேட்டேன். "தோனியும் அஸ்வினும் ரெண்டும் தந்தா தாரேன்" என்றாள். ஒன்றுக்கு ஒன்றுதானே வழக்கம் என்றேன். "இது ஒண்ணுதானே இருக்கு" என்றாள். உலகச் சந்தை முழுவதும் நடப்பது எந்த விதியின்படி என்பதை அவள் எவரிடமும் பாடம் கேட்காமல் அறிந்திருந்தாள். இரண்டையும் கொடுத்து வாங்கிக்கொண்டேன்.

இதில் இரண்டு செய்திகள் உள. நிறுவனம் அச்சிடாத அட்டையைப் பிள்ளை அச்சிடாமலே உண்டாக்கிவிட முடியும் என்பது ஒன்று. திருநெல்வேலி சங்கர் நகர் மைதானத்தில் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்கள் நடந்திருக்கின்றன; பள்ளி அணிகளும் ஊர் அணிகளும் நம் கண்ணெதிரே ஆடுகின்றன. அவர்களுக்கெல்லாம் அட்டை யார் போடுவார்? பழைய பத்திரிகை அட்டையும் கத்தரிக்கோலும் போதும். மற்றொன்று, அந்தக் கோணல் மூக்கு அட்டைக்கு விலை வந்தது அவள் வரைந்தபோது அன்று; எதிரே அமர்ந்த ஒருவன் அதை விரும்பிக் கேட்டபோது. "அழகா வரைஞ்சிருக்கியே" என்று தலையைத் தடவியிருந்தால் அது பாராட்டாகியிருக்கும். பாராட்டு மேலிருந்து வருவது. கேட்டல் எதிரிலிருந்து வருவது. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகள் உடனே உணர்கிறார்கள்.

ரசனை என்பதே கூட இருப்பவரால் வளர்வது என்பதற்கு இந்த ஊரிலேயே சான்று உண்டு. ரசிகமணி டி.கே.சி. கவிதையைத் தனியே படித்து அலமாரியில் வைத்தவரல்லர். நெல்லையில் தம் வீட்டு வட்டத்தொட்டியிலும், 1954இல் மறையும் வரையில் குற்றாலத்திலும், நண்பர் நடுவே ஒரு பாடலைத் திரும்பத் திரும்பச் சொல்லி, கேட்பவர் முகத்தில் அது மலர்வதைப் பார்த்து மகிழ்ந்தார். கம்பனுக்கும் கிரிக்கெட் அட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று சினப்போர் சினக்கட்டும். பொருள்கள் வேறு, இருவர் சேர்ந்து ஒன்றைப் பார்க்கும்போது அவர்களிடையே நிகழ்வது வேறில்லை. பதினோரு வயதில் கேட்டும் கொடுத்தும் மறுத்தும் பழகிய பிள்ளைதான், பதினேழு வயதில் என் வகுப்பில் எழுந்து, "இந்த உரை எனக்கு ஒப்பவில்லை ஐயா" என்று சொல்லும். எங்கள் வகுப்பறைகளில் அப்படிச் சொல்வோர் ஆண்டுக்கு ஒருவர் தேறுவது அரிது. மறுப்பதற்கு வீட்டில் இடமில்லாதவர்கள் கல்லூரியில் வாய் திறப்பதில்லை.

ஆகவே பெற்றோரிடம் நான் வேண்டுவது மிக எளியது, அதனாலேயே கடினமானது. உங்களுக்கென்று தனியே அட்டைகள் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் அட்டைக்குக் காப்பாளர் ஆகாதீர்கள். மாதத்துக்கு இத்தனை ரூபாய் என்று இருவருக்கும் ஒரே அளவு வகுத்து, அதை நீங்களும் மீறாதீர்கள். வேண்டியதைக் காசு கொடுத்துத் தனியே வாங்கி முடிக்காமல், கேட்டுப் பெறுங்கள். பிள்ளை நட்டப்பட்டு மாற்றிக்கொண்டால் தடுக்காதீர்கள். அஸ்வினைக் கொடுத்துப் பெயர் தெரியாத ஒருவரை அது வாங்கியதற்கு உங்களுக்குத் தெரியாத காரணம் இருக்கக்கூடும். மூலை மடங்கட்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையும் வரட்டும். அதன் தந்தையும் வந்தால் இன்னும் நன்று. ஒருநாள் பிள்ளைக்கு இதெல்லாம் சலித்துப்போகும். அன்று "இவ்வளவு செலவழித்தேனே" என்று கணக்குக் காட்டாதீர்கள். சலிப்பதற்கும் அதற்கு உரிமை உண்டு.

இவ்வளவு பணிந்துபோனால் தந்தையின் மதிப்பு என்னாவது என்று அஞ்சுவோர் தென்காசிக் கோயிலுக்குப் போய்வரலாம். 15ஆம் நூற்றாண்டில் உலகம்மன் உடனுறை காசி விசுவநாதர் கோயிலை எடுப்பித்த பராக்கிரம பாண்டியன், பின்னாளில் இக்கோயிலுக்கு ஒரு குறை நேர்ந்தால் அதைச் சரிசெய்து காக்கப்போகிறவர்களின் அடியில் தான் பணிவதாகக் கல்லில் எழுதிவைத்தான். தனக்குப் பின் பிறக்கப்போகும், முகம் அறியாத மனிதர்கள் முன் ஓர் அரசன் குனிகிறான். பின்னாளில் அக்கோபுரம் பிளந்து சிதைந்து, ஒன்பது நிலைகளோடு மீண்டும் எழுந்து 1990இல் குடமுழுக்குக் கண்டது. கட்டியவன் பணிந்து கேட்டதை, வந்தவர்கள் தம்முடையதாக எடுத்துச் செய்தார்கள். அவன் ஆணையிட்டிருந்தால் ஆணை அவனோடு போயிருக்கும்.

அரசனுக்குக் குறையாத மதிப்பு, ஆசிரியருக்கும் எழுத்தருக்கும் வங்கி மேலாளருக்கும் குறைந்துவிடாது. இதை மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம். விடை சொல்ல நான் அணியமாயிருக்கிறேன். ஆனால் மறுத்து எழுதுவதற்கு முன் ஒரு கேள்விக்கு மட்டும் தமக்குள் விடை சொல்லிக்கொள்ளட்டும். உங்கள் பிள்ளையிடம், அதற்கே உரிய ஒன்றை, தருவாயா என்று கடைசியாக நீங்கள் கேட்டது எப்போது?